ஏர் ரைஃபிள் வாங்கும் முன்: காலிபர், பேரல், பெல்லட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நிற்கவும் பிடிக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். அல்சூர், மர்ஃபி டவுன், ஜீவனஹள்ளி பக்கமிருந்து தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன. கோச்சிடம் கேட்கத் தயங்கும் சந்தேகங்களைப் பெற்றோர் என்னிடம் ஓரமாக வந்து கேட்பார்கள். பல வருடமாக வருவது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கடைக்குப் போகும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். இதைத் தெரியாமல் காசை இழந்தவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன்.

அண்ணா, .177னா என்ன? 4.5ன்னும் போட்டிருக்கே, ரெண்டும் வேறயா?

இரண்டும் ஒன்றுதான். காலிபர் என்பது பேரலின், அதாவது குண்டு ஓடும் குழலின், உள்துளை அளவு. அங்குலத்தில் .177, மில்லிமீட்டரில் 4.5. கடைக்காரர்கள் 'ஒன் செவன்டி செவன்' என்பார்கள். ஏர் ரைஃபிளில் .22 என்றால் 5.5 மி.மீ.

உலகம் முழுக்க 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி 4.5 மி.மீ.யில் மட்டுமே நடக்கிறது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்த அளவில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் நம் நாட்டுக்காகச் சுட்டதும் இதே அளவில்தான். உங்கள் பிள்ளை போட்டிக்குப் போகப்போகிறது என்றால் காலிபர் கேள்வி இங்கேயே முடிந்தது.

லைசென்ஸ் வேணுமா, வேணாமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இரண்டு வரம்புகள் இருக்கின்றன. துளை .177க்கு மேல் போகக்கூடாது. பேரல் வாயில் பெல்லட்டின் (ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டு) ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக்கூடாது. இரண்டுக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொடுத்து, பில்லோடு வாங்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும்.

பில்லை லேமினேட் செய்து துப்பாக்கிப் பையிலேயே வையுங்கள். ஊருக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ எடுத்துப் போகும்போது யாராவது நிறுத்திக் கேட்டால், காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.

.22தான் பவர்னு யூடியூப்ல சொல்றாங்க. வாங்குறது வாங்குறோம், பெரிசாவே வாங்கிடலாமே?

அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எடுத்தவை. அங்கே முயலும் எலியும் சுடுபவர்கள் .22 கேட்பதில் காரணம் இருக்கிறது: குண்டு கனம், பட்ட இடத்தில் அடி பலம். நம் வேலை காகிதத்தில் ஓட்டை போடுவது. அதற்குக் கனம் எந்த விதத்திலும் உதவாது. இங்கே .22 ஏர் ரைஃபிள் என்றால் மேலே சொன்ன உரிமம் வேண்டும், போட்டியில் இடமில்லை, பெல்லட் விலையும் கூடுதல். இதைச் சொன்னபிறகும் .22 வேண்டும் என்று கேட்கும் அப்பாக்களிடம், எதற்கு என்று நான் இரண்டாம் முறை கேட்பேன்.

ஊர்ல தோட்டத்துக்குக் காட்டுப்பன்னி வருது. முயல், கொக்கெல்லாம் இருக்கு. அதுக்கு எந்தக் காலிபர் சரி?

எந்தக் காலிபரும் சரியில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் வேட்டை விளையாட்டாக இல்லை. முயலுக்கும் கொக்குக்கும் அதே சட்டம்தான். பன்றி பயிரை அழித்தால் வனத்துறையிடம் மனு கொடுத்து, சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம். யாரைக் கொண்டு, எப்படி விரட்டுவது அல்லது சுடுவது என்பதை முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 4.5 மி.மீ. பெல்லட் பன்றியைக் கொல்லாது. தோலுக்குள் ஈயத்தோடு புண் அழுகி, நாட்கணக்கில் துடித்துத்தான் அது சாகும். பிள்ளைக்குத் துப்பாக்கி வாங்கித் தரும் கையால் இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

டப்பா மேல 1000 எஃப்.பி.எஸ்.னு போட்டிருக்கு. இன்னொண்ணுல 600தான். 1000தானே நல்லது?

எஃப்.பி.எஸ். என்பது நொடிக்கு எத்தனை அடி என்ற கணக்கு. 1000 என்றால் நொடிக்கு 305 மீட்டர். போட்டியில் சுடும் சாதாரண மேட்ச் பெல்லட்டின் எடை 0.53 கிராம், அதாவது 8.2 கிரெயின். அந்த எடையை 305 மீட்டர் வேகத்தில் தள்ளினால் ஆற்றல் 24 ஜூலைத் தாண்டிவிடும். உரிமம் இல்லாமல் விற்க முடியாது. 20 ஜூலுக்குள் அந்த வேகம் வரவேண்டுமானால் பெல்லட் 0.43 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதாவது, டப்பாவில் உள்ள எண் லேசான பெல்லட்டைப் போட்டு எடுத்தது. உங்கள் பெல்லட்டில் அது வராது.

வந்தாலும் பயனில்லை. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கப் பெல்லட் காற்றில் தள்ளாட ஆரம்பிக்கும். ஒலிம்பிக்கில் சுடும் ரைஃபிள்களின் வேகம் நொடிக்கு 170 மீட்டர் அளவுதான். ஆற்றல் ஏழரை ஜூல் சுற்றி. பல லட்சம் விலையுள்ள துப்பாக்கியை ஜெர்மன்காரர்கள் வேண்டுமென்றே மெதுவாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குண்டும் முந்தைய குண்டின் வேகத்திலேயே போகவேண்டும் என்பதே அவர்களின் கவலை. வாங்கும்போது உங்கள் கவலையும் அதுவாக இருக்கட்டும்.

பேரல் நீளமா இருந்தா குறி நல்லா விழும்தானே?

நேரடியாக இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் காற்றை அழுத்தித் தள்ளும் வேலை பேரலின் முதல் பாதிக்குள் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் இருக்கும் நீளத்தில் பெல்லட் வெறுமனே உரசிக்கொண்டு போகும். அது உள்ளே இருக்கும் அந்தச் சில மில்லி செகண்டில் கை அசைந்தால் குறியும் அசையும். ஆகவே புதியவர் கையில் நீள பேரல் கெடுதல் செய்யவும் வாய்ப்புண்டு. அடைத்த காற்றில் ஓடும் பி.சி.பி.யில் நீளத்துக்குப் பலன் இருக்கிறது. குறைந்த காற்றில் அதே வேகம் கிடைக்கும்.

ஆனால் மேட்ச் ரைஃபிள்கள் பார்க்க நீளமாக இருக்கின்றனவே என்பீர்கள். உள்ளே பேரல் 42 செ.மீ. சுமார்தான் இருக்கும். அதற்கு மேல் தெரிவது வெறும் குழாய். குறி பார்க்க உதவும் முன் சைட்டையும் பின் சைட்டையும் தள்ளி வைக்கத்தான் அது. இரண்டுக்கும் இடைவெளி கூடினால், பிடியில் உள்ள சின்னப் பிழையும் கண்ணுக்குத் தெரியும்.

மடக்குற மாடல் வாங்கவா, பேரல் மடங்காத மாடலா?

மடக்கும் மாடலில் பேரலே நெம்புகோல். ஒவ்வொரு முறையும் மடங்கி, திரும்ப அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். கீல் இறுக்கமாக இருக்கும்வரை நன்றாகவே சுடும். முன் சைட், பின் சைட் இரண்டும் பேரல் மேலேயே இருந்தால், கீல் லேசாக ஆடினாலும் சைட்டும் பேரலும் சேர்ந்தே நகர்வதால் பெரிய பாதிப்பில்லை. ஆனால் சிறு துளை வழியே பார்க்கும் பீப் சைட்டோ, தொலைநோக்கி போன்ற ஸ்கோப்போ உடல் பகுதியில் மாட்டியிருந்தால், கீலின் ஆட்டம் அப்படியே குறியில் தெரியும்.

பீப் சைட் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், பேரல் அசையாத மாடல் வாங்குங்கள். பழக மட்டும் என்றால் மடக்கும் மாடல் போதும்.

ஸ்பிரிங்கா, பி.சி.பி.யா? பொண்ணுக்கு 12 வயசு.

முதல் ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். கிளப் ரைஃபிளில் சுடட்டும். நிற்கும் முறையும் மூச்சும் பழகாத பிள்ளைக்கு எந்தத் துப்பாக்கி பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளை வளர வளர, தோளில் வைக்கும் கட்டையான ஸ்டாக்கின் நீளமும் மாற்ற வேண்டிவரும்.

அதன்பிறகும் ஆர்வம் இருந்தால், வசதியும் இருந்தால், பி.சி.பி. வாங்குங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது பிஸ்டன் முன்னும் பின்னும் குதிக்கும். ஒவ்வொரு முறையும் பிடி ஒரே மாதிரி இல்லாவிட்டால் குண்டு இடம் மாறும். பி.சி.பி.யில் அந்த உதறல் இல்லை. போட்டி ரைஃபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது விதி. 12 வயசுப் பிள்ளைக்கு அந்த எடை மிக அதிகம். எடை குறைந்த ஜூனியர் மாடலைக் கேட்டு வாங்குங்கள். சிலிண்டரில் அச்சிட்ட தேதியையும் பாருங்கள். 10 ஆண்டு தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், வீட்டில் வைத்திருப்பதும் ஆபத்து.

ரைஃபிளிங், சோக், கிரவுன்னு கடைக்காரர் அடுக்குறாரு. எனக்குப் புரியல. எதைப் பார்க்கணும்?

பேரல் உள்ளே திருகலாக ஓடும் வரிகள்தான் ரைஃபிளிங். பெல்லட்டைச் சுழற்றி அனுப்புவதற்கு. ஏர் ரைஃபிளில் பெரும்பாலும் 12 வரிகள், 45 செ.மீ.க்கு ஒரு சுற்று என்ற கணக்கு வழக்கம். இதில் நீங்கள் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

சோக் என்பது பேரல் வாய்க்குச் சற்று முன்னால் துளை இழையளவு குறுகுவது. ஈயம் மென்மையானது, டப்பாவில் கொஞ்சம் பெரிசும் சிறிசுமாக இருக்கும் பெல்லட்டுகளை எல்லாம் கடைசியில் ஒரே அளவாக்கி அனுப்பும் இடம் அது. கிளீனிங் ராடால் ஒரு பெல்லட்டைப் பின்பக்கமிருந்து மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். நெடுக ஒரே சீராக வழுக்கி, கடைசி ஓரிரு அங்குலத்தில் இறுகினால் சோக் இருக்கிறது. நடுவில் எங்காவது தொய்ந்து மறுபடி இறுகினால், அந்த பேரல் வேண்டாம்.

கிரவுன் என்பது பேரல் வாயின் உள்விளிம்பு. பெல்லட்டைக் கடைசியாகத் தொடுவது அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தால், பின்னால் வரும் காற்று அந்தப் பக்கமாகக் கசிந்து பெல்லட்டைத் தள்ளிவிடும். காது குடையும் பட்ஸை உள்விளிம்பில் சுற்றிப் பாருங்கள். பஞ்சு நார் எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் கிரவுனைப் பாருங்கள்.

எந்த பெல்லட் பெஸ்ட்? ஒரே ஒரு பேர் சொல்லுங்கண்ணா.

சொல்ல முடியாது, தம்பி. மறைக்கிறேன் என்று நினைக்காதே. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு பேரல்களுக்குக்கூட வேறு வேறு பெல்லட் பிடிக்கும். பேரலுக்கு எது பிடிக்கிறது என்று அதனிடமே கேட்க வேண்டும்.

கேட்கும் முறை இது. தட்டை முக மேட்ச் பெல்லட்டில் நான்கைந்து வகை வாங்கு. டப்பாவில் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கும்; ஒரே பிராண்டில் இரண்டு அளவு இருந்தால் இரண்டையும் எடு. மேஜை மேல் மணல் பையில் ரைஃபிளைத் தாங்க வை. 10 மீட்டரில் ஒவ்வொரு வகையிலும் ஐந்து குண்டு, நான்கு அட்டை. வகை மாற்றும்போது முதல் பத்துக் குண்டைக் கணக்கில் சேர்க்காதே; பழைய ஈயப் பூச்சு போய்ப் புதியது படிய அவ்வளவு வேண்டும். பிறகு ஒவ்வொரு அட்டையிலும் ஓட்டைக் கூட்டத்தின் வெளி அகலத்தை அளந்து 4.5ஐக் கழி. வருவது மையத்துக்கு மையம் உள்ள தூரம். ஒரே ஒரு அழகான அட்டையைப் பார்த்து மயங்காமல், நான்கின் சராசரியைப் பார். ஸ்பிரிங் துப்பாக்கியானால் பையின் மேல் இறுக்கி அழுத்தாதே. உள்ளங்கையில் தளர்வாகக் கிடக்கட்டும்.

எவ்வளவு சின்னதாக வரவேண்டும்? 10 புள்ளி என்பது அரை மி.மீ. விட்டமுள்ள பொட்டு. பெல்லட் அதைத் தொட்டால் போதும் என்பதால், பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து இரண்டரை மி.மீ.க்குள் விழுந்தாலே 10. அதாவது 5 மி.மீ. குரூப் (ஓட்டைக் கூட்டம்) போடும் பேரலும் பெல்லட்டும், மனிதத் தவறு இல்லாவிட்டால், எல்லாக் குண்டும் 10 தரும். 2 மி.மீ. கிடைத்துவிட்டால் பைனலில் தசமப் புள்ளிக்குப் போராடும்வரை பெல்லட் தேடுவதை நிறுத்திவிடு. பிடித்தது கிடைத்ததும் அதே லாட் எண்ணில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) பல டப்பா வாங்கி வை.

குரூப் சிதறுது. பேரல் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். மாத்தணுமா?

பேரல் கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும். என் கதையைச் சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தில் என் ஸ்பிரிங் ரைஃபிள் மூன்று மாதம் சிதறிச் சுட்டது. பேரல் தேய்ந்துவிட்டது என்று தூக்கமில்லாமல் இருந்தேன். மேலே சொன்ன சோதனையெல்லாம் செய்தேன். புது பேரலுக்கு விலையும் விசாரித்துவிட்டேன். ஒரு பெரியவர் கையில் வாங்கி ஸ்டாக்கின் திருகாணிகளைத் தொட்டுப் பார்த்தார். முன்பக்க இரண்டு ஆணியும் விரலாலேயே சுழன்றன. இறுக்கியதும் அன்றைக்கே குரூப் திரும்பிவிட்டது. அந்த மூன்று மாதப் பயிற்சி எனக்குத் திரும்பவில்லை.

ஆகவே வரிசை இது: ஸ்டாக் ஆணி, சைட் ஆணி, மடக்கும் மாடலில் கீல், பெல்லட் லாட் மாறியதா, பேரல் உள்ளே ஈயப் படிவு, கிரவுன். இவ்வளவும் சரி என்றால், ரைஃபிளை உங்களைவிட நன்றாகச் சுடுபவர் கையில் கொடுங்கள். அவர் கையிலும் சிதறினால் பேரலைப் பற்றிப் பேசலாம். ஈயம் எஃகைத் தேய்ப்பது மிகமிக மெதுவாக நடப்பது. ஏர் ரைஃபிள் பேரல் சுட்டுத் தேய்ந்ததைவிட, முரட்டுத்தனமாகத் துடைத்துக் கெட்டதுதான் அதிகம்.

அப்போ துடைக்கவே கூடாதா?

துடைக்கலாம். கம்பி பிரஷ் வேண்டாம். மேட்ச் கடைகளில் கிடைக்கும் ஃபெல்ட் (கம்பளித் துணி) உருண்டையைத் தள்ளி எடுத்தால் போதும். ஸ்பிரிங் துப்பாக்கியில் ஃபெல்ட்டை வைத்து வெறுமனே சுடாதீர்கள். எதிர்த்து நிற்கக் கனம் இல்லாததால் பிஸ்டன் போய் மோதி சீல் உடையும். பெல்லட் இல்லாமல் சுடுவதும் இதே காரணத்தால் கூடாது. காற்று அறைக்குள் தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதையும் விடாதீர்கள். அழுத்தத்தில் சூடாகிப் பற்றிக்கொள்ளும்.

இன்னொன்று, பெல்லட் முழுக்க ஈயம். சுட்டு முடித்ததும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொடக்கூடாது. இதில் மட்டும் நான் கண்டிப்பானவன்.

சென்னையில மாமா வீட்ல சரியா இருந்துச்சு, இங்க வந்தா மேல கீழ அடிக்குது. பெங்களூர் உயரம் காரணமா?

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. 10 மீட்டர் தூரத்தில் அதனால் வரும் வித்தியாசம் ஒரு மி.மீ.யில் சின்னப் பங்குதான். வெளிக்காற்றை இழுத்து அழுத்தும் ஸ்பிரிங் துப்பாக்கியில் வேகமும் சற்று மாறும், அதுவும் கொஞ்சம்தான். கண்ணுக்குத் தெரியும் அளவு மாறியிருந்தால் பயணத்தில் சைட் இடித்திருக்கும், அல்லது இங்கே வெளிச்சம் வேறு. குரூப் சிதறுவது பற்றி மேலே சொன்ன ஆணி வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

பேரலை அறுத்துச் சின்னதாக்கலாமா? இல்ல .22 பேரல் மாட்டிக்கலாமா? பட்டறையில செஞ்சு தர்றேங்கறாங்க.

இரண்டும் வேண்டாம். அறுத்தால் சோக்கும் கிரவுனும் போய்விடும்; அவை ஏன் முக்கியம் என்று மேலே சொல்லிவிட்டேன். .22 பேரல் மாட்டிய நிமிடமே அது உரிமம் தேவைப்படும் ஆயுதம், உங்களிடம் உரிமம் இல்லை. வெடிமருந்துத் துப்பாக்கியின் பேரலை உரிமம் இல்லாமல் குட்டையாக்குவது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி குற்றம். பட்டறைக்காரர் தப்பித்துக்கொள்வார், வழக்கு உங்கள் மேல் நிற்கும்.

மொட்டை மாடியில பழகலாமா?

கூடாது. பெல்லட் நூறு மீட்டருக்கு மேலும் பறக்கும், சுவரில் பட்டால் திரும்பி வரும். வீட்டுக்குள் 10 மீட்டர் நீள அறை, பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, பக்கத்தில் கதவோ ஜன்னலோ இல்லாத இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். இல்லாதவர்கள் பெல்லட் இல்லாமல், ரைஃபிளைத் தூக்கி நின்று குறி பார்த்து இறக்கும் பயிற்சியை வீட்டில் செய்யலாம். தினமும் 20 நிமிடம் அதைச் செய்த பிள்ளைகள்தான் என் கண்ணெதிரே முன்னேறினார்கள்.

50 மீட்டர் .22 ரைஃபிளுக்குப் போகும்போது பேரலை எப்படிப் பார்க்கிறது? அதுவும் .22தானே?

பெயர்தான் ஒன்று. அது வெடிமருந்துத் தோட்டா, 5.6 மி.மீ., முழு உரிமம் தேவைப்படும் ஆயுதம். பேரல் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மருந்து பேரலின் முக்கால் பகுதிக்குள் எரிந்து முடிந்துவிடும். 26 அங்குல பேரல் வைப்பது சைட் இடைவெளிக்கும் முன்பக்கக் கனத்துக்கும்தான். தோட்டாவின் லாட்டை பேரலோடு சேர்த்துச் சோதிக்கும் வழக்கம் அங்கே இன்னும் தீவிரம். பெல்லட்டில் அந்த ஒழுக்கத்தைப் பழகியவர்களுக்கு அது புதிதாக இருக்காது.

தாத்தா செத்துப்போயிட்டாரு. அவரோட .315 ரைஃபிள் பீரோவுல இருக்கு. பேரல் மாத்தி டார்கெட் சுடலாமா?

பேரலை விடுங்கள். உரிமதாரர் இறந்தபிறகு அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதே சட்டமீறல். அதைக் கழற்றவோ, சுட்டுப் பார்க்கவோ, வேறு வீட்டுக்கு மாற்றவோ வேண்டாம். இறப்புச் சான்றிதழையும் தாத்தாவின் உரிமப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்லுங்கள். அங்கேயோ, உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு அதன்பிறகு விண்ணப்பிக்கலாம்.

உரிமம் கிடைத்தாலும் 10 மீட்டரிலோ 50 மீட்டரிலோ .315க்கு இடமில்லை. ஞாபகத்துக்காக வைத்துக்கொள்ள ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. ஒப்படைத்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பேத்தியை ஞாயிற்றுக்கிழமை காலை ரேஞ்சுக்கு அழைத்து வாருங்கள். கிளப் ரைஃபிள் இருக்கிறது.